ஐஸ் பெட்டியில் போட்ட உப்பு

இது நடந்தது 2005-ஆம் வருஷம், சித்திரை மாதத்தில். சுனாமி வந்து போனதற்கு அடுத்த கோடை. மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற பாதையில் கடைசித் தெருவில் எங்கள் வீடு. அந்த வீட்டில் ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டிக்குள் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். வெளியாட்களிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். ஆனால் உப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு குத்தகைப் பாத்திகளை நான் ஒருத்தியாகப் பார்த்து, ஒரே மகனை ஆளாக்கினேன். பாத்தித் தண்ணீரை இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தே இத்தனை நாளில் உப்பு இறங்கும் என்று சொல்லுவேன். பக்கத்து அளத்து ஆம்பிளைகளே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மகனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. மருமகள் கிளியனூர்ப் பக்கத்துப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். அதிகம் பேச மாட்டாள். எது சொன்னாலும், "சரி அத்த" என்பாள்.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஒவ்வொரு வருஷமும் மாசி மாதம் முதல் உப்பு வாருகிற அன்று, பாத்தி வரப்பில் சூடம் ஏற்றிப் பூசணிக்காய் உடைத்து, பிள்ளை பெற்ற பொம்பளை ஒருத்திதான் முதலில் பலகையைப் பிடித்து உப்பை இழுக்க வேண்டும். என் மாமியார் இழுத்தார்கள், அவர்களுக்குப் பிறகு நான். அந்த நேரத்தில் மருமகள் கண்ணில் படக் கூடாது என்று டீத் தூக்கைக் கொடுத்து அளத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பிவிடுவேன். ஏழு வருஷமும் அப்படித்தான். அவளும் எதற்கு என்று தெரிந்தே தூக்கை வாங்கிக்கொண்டு போவாள்.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. பெருமுக்கலில் எங்களுக்குத் தூரத்து உறவில் ஒரு பெண் இருந்தது. மகனுக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்கலாம் என்று அங்கே வாய்விட்டே கேட்டுவிட்டு வந்தேன். மகன் காதில் விழுந்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். நான் விடவில்லை. இவர்கள் இரண்டு பேரும் மாதத்துக்கு ஒரு முறை பாண்டிச்சேரிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் போய் வருவது எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மா வாயாலேயே, இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மகன் வழிக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அடுத்த முறை அவர்கள் கிளம்பியபோது நானும் புடவை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்கள் டோக்கன் வந்ததும் மகன் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னான். நான் கேட்காமல் அவர்கள் பின்னாலேயே உள்ளே போனேன். டாக்டரம்மா என்னைப் பார்த்து, பையனோட அம்மாவா, நல்லதாப் போச்சு, வீட்டுப் பெரியவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும் என்று நாற்காலி போடச் சொன்னார்கள். எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டது பிறகுதான் புரிந்தது.

ஒரு தாளைத் திருப்பிப்போட்டு மூன்று வட்டம் வரைந்தார்கள். படம் போட்டதால் எனக்கு விளங்கியது. முதல் வழியில், ஆண்பிள்ளையின் உயிரணுவை எடுத்துச் சுத்தம் செய்து, நல்லதாகப் பிரித்து, குழாய் வைத்து கர்ப்பப்பைக்குள் விட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அதுவே நீந்திப் போய் முட்டையைச் சேர வேண்டும். செலவும் குறைவு, உடம்பு அலைச்சலும் குறைவு. இரண்டாவது வழியில், ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, ஒரு கண்ணாடித் தட்டில் வைத்து, சுற்றிலும் ஆயிரக்கணக்கில் உயிரணுக்களை விடுவார்கள். எது முட்டிமோதி உள்ளே போகிறதோ அது கருவாகும். அந்தக் கருவை எடுத்துக் கர்ப்பப்பையில் வைப்பார்கள். மூன்றாவதும் அதே மாதிரிதான், ஆனால் முட்டிமோத விடுவதில்லை. ஒரே ஒரு உயிரணுவைப் பொறுக்கி, மயிரைவிட மெல்லிய ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்திவிடுவார்கள். எந்த வழியானாலும் நிச்சயம் என்று சொல்ல முடியாது, யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றார்கள்.

பிறகு மகன் பக்கம் திரும்பிச் சொன்னார்கள். "முதல் வழியில மூணு தடவை பாத்தாச்சு. உங்க உயிரணு கவுண்ட் ரொம்பக் கம்மி. ரெண்டாவதுல வெச்சாலும் அது முட்டைக்குள்ள போறது கஷ்டம். உங்களுக்கு மூணாவதுதான் சரியா வரும். அவங்களுக்கு எல்லாம் நல்லா இருக்குது."

அவங்களுக்கு என்றது மருமகளை. நான் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் மட்டும் என்னைப் பார்த்தாள், நான் என்ன செய்யப் போகிறேனோ என்கிற பயத்தோடு. அந்தப் பயம் அவளுக்காக இல்லை, அவனுக்காக.

வெளியே வந்து, மகன் பஸ் பார்க்க முன்னால் போனதும் அவளிடம் கேட்டேன். "ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"அவரு வேணாம்னாரு அத்த. உங்களுக்குத் தாங்காதுன்னாரு."

மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் வெறும் ரத்தப் பரிசோதனைதான், மருந்து வாங்கத்தான் என்று ஏதோ சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வந்து என் பேச்சையும் வாங்கிக்கொண்டு உலை வைத்திருக்கிறாள். பெருமுக்கலுக்கு மறுநாளே ஆள் அனுப்பி, அந்தப் பேச்சு வேண்டாம் என்று முடித்தேன். அவளிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேலை செய்து காட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது வழிக்கே போவது என்று முடிவானது. முட்டை வளர தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊசி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த நர்சம்மா வீட்டுக்கு வந்து போடுவதாக ஒத்துக்கொண்டார்கள். முதலில் ஆறு நாளைக்கு ஆறு குப்பி மருந்து வாங்கி வந்தோம். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. குளிர்ச்சியிலேயே வைக்க வேண்டும். எங்களிடம் பிரிட்ஜ் கிடையாது. தெருமுனைக் கடையில் கலர் பாட்டில் வைக்கிற பிரிட்ஜ் இருந்தது, அதில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் மருமகள். நான்தான் கூடாது என்றேன். கடையில் வைத்தால் என்ன மருந்து, யாருக்கு, எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள். என் மகன் கதை தெருவுக்கு வர வேண்டாம். ஆஸ்பத்திரியில் கொடுத்த தெர்மாகோல் பெட்டி இருக்கிறது, மீன் இறங்குகிற இடத்தில் ஐஸ் கிடைக்கிறது, தினமும் நானே வாங்கிப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பை எடுத்துக்கொண்டேன். ஒரு எவர்சில்வர் டப்பாவில் குப்பிகளை வைத்து, சுற்றி ஐஸ். முதல் நாள் அளத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மருமகள் சொன்னாள், "ஐஸ் மட்டும் மாத்துங்க அத்த. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

அன்று அடித்த வெயிலில் பதினோரு மணிக்கே ஐஸ் பாதி தண்ணீராகிவிட்டது. எனக்கு மனது கேட்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் குச்சி ஐஸ் செய்கிறவர் எங்கள் அளத்தில்தான் உப்பு வாங்குவார். வெறும் ஐஸ் சும்மா குளிரும், உப்புப் போட்ட ஐஸ்தான் கடிக்கும் என்று அவர் சொல்லுவார். அந்த உப்பின் பலம் எனக்குத் தெரியாததா. புது உப்பாக இரண்டு கை அள்ளி, நுணுக்கி, ஐஸோடு கலந்து டப்பாவைச் சுற்றி இறுக்கி வைத்து மூடினேன். படித்த பெண்ணுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

ஐந்து மணிக்குத் திறந்தேன். டப்பாவின் வெளியே வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. உள்ளே ஆறு குப்பியும் கல். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கரைந்து பழையபடி தண்ணீராகிவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தெளிவாக, முன்பு இருந்த மாதிரியே இருந்தது.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழை பெய்து உப்பு கரைந்தால் பாத்தி அழிந்துவிடுவதில்லை. வெயில் வந்தால் அதே தண்ணீர் திரும்ப உப்பாகிறது. என் ஆயுசு முழுக்க அதைப் பார்த்திருக்கிறேன். மருந்தும் அப்படித்தானே, உறைந்தது கரைந்துவிட்டது, எங்கே போகும் என்று நினைத்தேன். உப்பு கலந்த ஐஸைக் கொட்டிவிட்டு, பெட்டியைக் கழுவி, வெறும் ஐஸ் போட்டு வைத்தேன். ஆறு மணிக்கு நர்சம்மா வந்து ஊசி போட்டார்கள். நான் வாசற்படி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சமாதானம் முழுசாக ஆகியிருந்தால் மகனிடமோ அவளிடமோ சாதாரணமாகச் சொல்லியிருப்பேன் அல்லவா. சொல்லவில்லை. அதிலேயே தெரிகிறது, எனக்கு உள்ளே தெரிந்துதான் இருந்தது. இரண்டாம் நாள் சொல்லலாம் என்று இருந்தேன். முதல் ஊசியே போட்டாகிவிட்டது, இனிமேல் சொன்னால் அதுவும் ஒரு குற்றமாகும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஊசி போட்ட இடத்தை அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வலிக்குதா என்று கேட்டேன்.

"வலிக்குது. ஆனா இந்த வலி பரவால்ல அத்த. இதுக்கு ஒரு காரணம் இருக்குது."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பல் வலி என்று சொல்லிவிட்டுத் தட்டில் பாதியை வைத்துவிடுவேன்.

ஆறு ஊசியும் முடிந்து ஏழாம் நாள் ஸ்கேன். மகனுக்கு அன்று உப்பு வாருகிற வேலை, ஆட்கள் வந்திருந்தார்கள். நானும் மருமகளும்தான் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார்கள். இத்தனை மருந்துக்கு முட்டைகள் வளர்ந்திருக்க வேண்டும், வளரவேயில்லை என்றார்கள். ஊசி ஏதாவது விட்டுப்போனதா என்று கேட்டதற்கு அவள், ஒரு நாளும் விடவில்லை, மணி ஆறு அடித்ததும் போட்டோம் என்றாள். டாக்டரம்மா பைலில் ஏதோ இரண்டு வரி எழுதினார்கள். எழுதிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்கள். இந்த முறை நிறுத்திவிடலாம், உன் சினைப்பை மருந்துக்கு ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது, அடுத்த முறையும் இதே மாதிரி இருந்தால் வேறு ஒரு பெண்ணின் முட்டையை வாங்கி வைப்பதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும் என்று.

மருமகள், "சரி டாக்டர்" என்றாள்.

அந்தச் சரியை நான் ஏழு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். டீத் தூக்கைக் கையில் கொடுக்கும்போது சொல்லுகிற அதே சரி. அழவில்லை, மறுத்துப் பேசவில்லை. தன்னுடையது இல்லாத ஒன்றை இன்னொரு முறையும் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். அவள் மடியில் இருந்த பையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்த விரல் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

"டாக்டரம்மா, அவகிட்ட கொற ஒண்ணும் இல்ல," என்றேன். "மருந்த நான் கெடுத்துட்டேன்."

அவர்கள் பேனாவை நிறுத்தினார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், உப்பு, கல்லாய் இருந்த குப்பி, உள்ளங்கை, ஆறு நாளும் சொல்லாமல் இருந்தது எல்லாம். பக்கத்தில் நின்ற நர்சுப் பெண் உப்பு என்றதும் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவேயில்லை. வேறு நாளாக இருந்தால் அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

கரைந்த பிறகு பழையபடிதானே இருந்தது என்று மட்டும் கேட்டேன்.

"பாக்க அப்படியே இருக்கும்மா," என்றார்கள். "உள்ள இருக்கிற சத்து போயிடும். அது திரும்பி வராது."

பிறகு பைலை இழுத்து, முன்பு எழுதியிருந்த இரண்டு வரியையும் அடித்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த இரண்டு வரி என்ன என்று தெரியும். மருந்து கெட்டிருந்ததால் இந்த முறையை வைத்து இந்தப் பெண்ணைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, மூன்று மாதம் போகட்டும், புதிதாக ஆரம்பிக்கலாம் என்றார்கள்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். திட்டினாலும் பரவாயில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன். ஊர் நெருங்கி, ரோட்டோரம் உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் பேசினாள்.

"பல் வலின்னீங்களே, அதுவும் இதுதானா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஆறு நாளைக்கே உங்களுக்குச் சோறு எறங்கல. எனக்கு ஏழு வருஷம் அத்த."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் கட்டணம் சொல்லுகிற மாதிரி சொன்னாள். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன், மன்னித்துக்கொள் என்று. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

மகனிடமும் நானே சொன்னேன். நான்கு நாள் அவன் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான்.

ஆவணியில் மறுபடி ஆரம்பித்தபோது மருந்தை வாங்கி வந்த அன்றே நான் தெருமுனைக் கடைக்குப் போனேன். என் மருமகளுக்குப் பிள்ளை உண்டாக ஊசி மருந்து, உன் பிரிட்ஜில் வைக்க இடம் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டேன். சாமான் வாங்க நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன். கடைக்காரர் கலர் பாட்டில்களை ஒதுக்கி நடுத்தட்டில் இடம் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை.

அந்த முறை அவளுக்கு ஏழு முட்டை வந்தது. ஏழு என்று டாக்டரம்மா சொன்னபோது அவள் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வழியில் செய்து இரண்டு கருவை உள்ளே வைத்தார்கள். ஒன்று தங்கியது. கார்த்திகை மழையில், மூன்றாவது மாதம் முடியும் முன்பே அதுவும் கலைந்துவிட்டது. யார் செய்த தப்பும் இல்லை, சில சமயம் அப்படித்தான் ஆகும் என்றார்கள். இனி வேண்டாம் என்று மகனும் மருமகளும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தார்கள். இன்னொரு முறை பார்க்கலாமே என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அது அவர்கள் உடம்பு, அவர்கள் முடிவு என்று விழுங்கிக்கொண்டேன்.

2006 மாசியில் முதல் உப்பு வாருகிற நாள் வந்தது. சூடம் ஏற்றியாயிற்று. மருமகள் பழக்கத்தில் டீத் தூக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்கு நடக்க ஆரம்பித்துவிட்டாள். கூப்பிட்டு, தூக்கை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பலகையை அவள் கையில் கொடுத்தேன். பல வருஷமாக எங்களிடம் வேலை செய்கிற ஒருத்தி, "இன்னாக்கா இது, வழக்கம் இன்னான்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் பேசிவிட்டான்.

"கொற எங்கிட்டதான். அவகிட்ட இல்ல. அவ வாரட்டும்."

அளத்தில் அத்தனை ஆம்பிளை ஆட்கள் நடுவில் சொன்னான். அவள் பலகையை ஊன்றி இழுத்தாள். முதல் தடவை கோணலாகத்தான் வந்தது. அந்த வருஷம் உப்பு கூடவும் விளையவில்லை, குறையவும் இல்லை, எப்போதும் போல விளைந்தது. அன்று முதல் இன்று வரை எங்கள் அளத்தில் முதல் உப்பு அவள் கைதான்.

அந்த தெர்மாகோல் பெட்டி ரொம்ப வருஷம் அளத்துக்குக் குடிதண்ணீர் எடுத்துப் போகப் பயன்பட்டது. கோடையில் அதில் ஐஸ் போடும்போது என் பக்கம் பார்த்து, "ரெண்டு கை உப்பு போடட்டுமா அத்த?" என்று கேட்பாள். என்னை அப்படிக் கேலி பேச இந்த ஊரில் வேறு யாருக்கும் தைரியம் கிடையாது. அவளுக்கு உண்டு.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பதும் அவள்தான். எனக்கு இவ்வளவு எழுத வராது. பெருமுக்கல் பெண் விஷயத்தில் பேனாவை நிறுத்தி, இதையும் எழுதணுமா அத்த என்று கேட்டாள். எழுது என்றேன். ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு வரியை அடித்த நாளில் இருந்து, என் தப்பு என் பெயரிலேயே இருக்கட்டும் என்றுதான் இருக்கிறேன். அதைச் சுமக்க வேறு ஒருத்தி கை நீட்டுகிற மாதிரி இனி விடமாட்டேன்.